ஏட்டில் இடமில்லாத மருத்துவச்சிகள்

நமது சிறப்பு நிருபர்

புது தில்லி: பிரசவ வலி கண்டுவிட்டது என்றால் முதலில் ஆள் அனுப்புவது தாயியின் வீட்டுக்குத்தான். உத்தரப் பிரதேசம், பிகார், ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் என வட மாநிலக் கிராமங்களில் ஒரு தலைமுறைக்கு முன்பு வரை இதுவே வழக்கமாக இருந்தது. நம் ஊர்களில் மருத்துவச்சி என்று அழைக்கப்பட்டவருக்கு இந்தி பேசும் பகுதிகளில் தாயி என்று பெயர். பெரும்பாலும் எழுத்தறியாதவர், வயதானவர், ஊரின் ஓரத்தில் வசிப்பவர். தாயிடமிருந்தோ மாமியாரிடமிருந்தோ கைப்பழக்கமாகக் கற்றுக்கொண்ட தொழில். கூலியாகக் கிடைப்பது கொஞ்சம் தானியம், ஒரு சேலை, சிறிது பணம். ஆண் குழந்தை பிறந்தால் சற்றுக் கூடுதல்.

அந்தத் தாயிக்கு நாட்டின் பொதுச் சுகாதார அமைப்பில் என்ன இடம் என்ற கேள்விக்கு நூறாண்டுகளுக்கும் மேலாக அரசுகள் வெவ்வேறு பதில்களைச் சொல்லி வந்துள்ளன. கடைசியாகக் கிடைத்த பதில், மௌனம்.

2023-ஆம் ஆண்டு ஜூலை 28-ஆம் தேதி, மணிப்பூர் விவகாரத்தை முன்வைத்து எதிர்க்கட்சிகள் எழுப்பிய அமளிக்கிடையே, தேசிய செவிலியம் மற்றும் மகப்பேறு உதவிப் பணி ஆணைய மசோதா மக்களவையில் குரல் வாக்கெடுப்பு மூலம் நிறைவேறியது. ஆகஸ்ட் 8-ஆம் தேதி மாநிலங்களவையும் அதற்கு ஒப்புதல் அளித்தது. 1947-ஆம் ஆண்டின் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டத்துக்கு மாற்றாக இச்சட்டம் கொண்டுவரப்பட்டது. சட்டத்தின் தலைப்பிலேயே மகப்பேறு உதவிப் பணிக்கு, செவிலியப் பணிக்கு இணையான இடம் கிடைத்தது வரவேற்கத்தக்கது. அங்கீகரிக்கப்பட்ட படிப்பு, தேர்வு, பதிவேடு என எல்லாவற்றுக்கும் அதில் வழி செய்யப்பட்டுள்ளது. ஆனால், கையால் கற்று, கையால் செய்து, அடுத்த தலைமுறைக்குக் கையால் சொல்லிக் கொடுத்தவர்களுக்கு அந்தப் பதிவேட்டில் ஒரு வரி கூட இல்லை.

கல்வித் தகுதி இல்லாதவரைத் தொழில்முறைப் பதிவேட்டில் சேர்க்க இயலாது என்பது நியாயமே. அப்படியானால் அவரை வேறு எங்கே, எந்தப் பணியில் வைப்பது என்பதற்கு எந்த ஏட்டிலும் விடை எழுதப்படவில்லை என்பதுதான் சிக்கல்.

எண்களும் எஞ்சியவர்களும்

மருத்துவமனைப் பிரசவங்களில் இந்தியா கண்டுள்ள முன்னேற்றம் சாதாரணமானதல்ல. 1992-93-இல் நடைபெற்ற முதலாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நூற்றுக்கு 26 பிரசவங்கள் மட்டுமே மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன. 2005-06-இல் இது 39 சதவீதமாகவும், 2015-16-இல் 79 சதவீதமாகவும், 2019-21-இல் 88.6 சதவீதமாகவும் உயர்ந்தது. 2001-03-இல் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 301 ஆக இருந்த பேறுகாலத் தாய் இறப்பு, மாதிரிப் பதிவுத் திட்டத்தின் கணக்குப்படி 2019-21-இல் 93 ஆகக் குறைந்தது. இருபது ஆண்டுகளுக்குள் லட்சக்கணக்கான பெண்கள் காப்பாற்றப்பட்டுள்ளனர் என்பதே இதன் பொருள்.

எனினும், 88.6 போக மீதமுள்ளவர்கள் யார்? ஆண்டுக்கு இரண்டு கோடிக்கும் அதிகமான குழந்தைகள் பிறக்கும் நாட்டில், எஞ்சிய 11 சதவீதம் என்பது 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள். தமிழகத்திலும் கேரளத்திலும் ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனைகளில் நிகழும்போது, பிகாரில் 76.2 சதவீதமும், ஜார்க்கண்டில் 75.8 சதவீதமும், மேகாலயத்தில் 58.1 சதவீதமுமே அவ்வாறு நிகழ்ந்ததாக 2019-21 ஆய்வு தெரிவித்தது. நாகாலாந்தில் இது 45.7 சதவீதம் மட்டுமே. அதாவது, அங்கு பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகள் வீட்டில் பிறந்தன. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால், ஏறத்தாழ பத்தில் ஒரு பிரசவம் மருத்துவரோ செவிலியரோ அருகில் இல்லாமல் நிகழ்ந்தது.

மலையேற வேண்டிய ஊர்கள், மழைக்காலத்தில் துண்டிக்கப்படும் ஆற்றுத் தீவுகள், ஆம்புலன்ஸ் போக வழியில்லாத வனக் கிராமங்கள் ஆகியவற்றில் வாழும் பெண்கள் இந்தக் கணக்கில் கணிசமானவர்கள். அங்கே இரவில் வலி கண்ட பெண்ணுக்கு அருகில் இருக்கக்கூடியவர் தாயி மட்டுமே. அவரிடம் இருப்பது சுத்தமான பிளேடா, பழைய அரிவாளா என்பதில் குழந்தையின் உயிர் அடங்கியிருக்கிறது.

நூறாண்டுத் தற்காலிக ஏற்பாடு

தாயிகளுக்குப் பயிற்சி அளிக்கும் எண்ணம் புதிதல்ல. 1903-இல் அன்றைய வைஸ்ராய் கர்சன் பிரபுவின் மனைவி, விக்டோரியா அரசியின் நினைவாக ஒரு நிதியம் தொடங்கினார். தாயிகளுக்குச் சுத்தமான முறையில் பிரசவம் பார்க்கக் கற்றுத் தருவதே அதன் நோக்கம்.

1946-இல் அறிக்கை அளித்த போர் குழு, ஆண்டுதோறும் சுமார் இரண்டு லட்சம் பெண்கள் பேறுகாலத்தில் இறப்பதாக மதிப்பிட்டது. அப்போது நாட்டில் இருந்த பயிற்சி பெற்ற மகப்பேறு செவிலியர்கள் சுமார் 5,000 பேர்தான். போதுமான எண்ணிக்கையில் செவிலியர்கள் உருவாகும் வரை தாயிகளுக்குப் பயிற்சி அளித்துப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அக்குழு பரிந்துரைத்தது. தற்காலிக ஏற்பாடு என்று சொல்லப்பட்ட அது, அதன் பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேல் நீடித்தது.

1977-ஆம் ஆண்டின் ஊரக சுகாதாரத் திட்டத்தின் கீழ், ஆயிரம் பேருக்கு ஒரு பயிற்சி பெற்ற தாயி என்பது இலக்காக நிர்ணயிக்கப்பட்டது. 30 வேலை நாள்கள் பயிற்சி. 300 ரூபாய் உதவித் தொகை. வாரத்தில் இரண்டு நாள்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ துணை நிலையத்திலோ வகுப்பு. மற்ற நாள்களில் பெண் சுகாதாரப் பணியாளருடன் கிராமங்களுக்குச் செல்ல வேண்டும். குறைந்தது இரண்டு பிரசவங்களை மேற்பார்வையின் கீழ் பார்க்க வேண்டும். முடிவில் ஒரு சான்றிதழும் ஒரு பிரசவப் பெட்டியும் தரப்பட்டன. அதன் பின்னர், பதிவு செய்யப்பட்ட ஒவ்வொரு பிரசவத்துக்கும் 10 ரூபாய்.

சுத்தமான கை, சுத்தமான இடம், சுத்தமான பிளேடு, கொடியைக் கட்டச் சுத்தமான நூல், கட்டிய பின் எதையும் பூசாமல் சுத்தமாக விடப்படும் தொப்புள் கொடி ஆகிய ஐந்தும் தாயிகளுக்குத் திரும்பத் திரும்பக் கற்பிக்கப்பட்டன. தடுப்பூசியுடன் சேர்ந்து இந்தப் பாடமும் பலன் தந்தது. பச்சிளம் குழந்தைகளை ஆயிரக்கணக்கில் பலிகொண்ட ரண ஜன்னி இந்தியாவிலிருந்து ஒழிக்கப்பட்டதாக 2015 மே மாதம் அறிவிக்கப்பட்டதன் பின்னணியில், பெயர் தெரியாத இந்தப் பெண்களின் பங்கும் உண்டு.

தாயின் உயிரைக் காக்கும் விஷயத்தில் கணக்கு வேறு விதமாக இருந்தது. ரத்தப்போக்கு, வலிப்பு, குழந்தை குறுக்கே நிற்பது ஆகிய மூன்றுக்கும் பிளேடும் சோப்பும் விடையாகாது. 2001-03-இல் நிகழ்ந்த பேறுகால இறப்புகளில் 38 சதவீதத்துக்கு ரத்தப்போக்கே காரணம். ஆபத்தை அறிந்து தாயி அனுப்பி வைத்தாலும், போய்ச் சேரும் இடத்தில் மருத்துவரோ, ரத்தமோ, மயக்க மருந்தோ இல்லையென்றால் பயனில்லை. பயிற்சியால் மட்டும் தாய் இறப்பு குறையவில்லை என்ற கருத்து 1990-களில் உலக அளவில் வலுப்பெற்றது. 2004-இல் உலக சுகாதார நிறுவனமும், சர்வதேச மகப்பேறு செவிலியர், மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்புகளும் வெளியிட்ட கூட்டறிக்கையில், 'திறன் பெற்ற பேறுகால உதவியாளர்' என்ற வரையறையிலிருந்து பாரம்பரிய மருத்துவச்சிகள், பயிற்சி பெற்றவர்கள் உள்பட, விலக்கி வைக்கப்பட்டனர்.

தாயிகளின் குறை மட்டுமே இதற்குக் காரணமல்ல. அவர்களுக்குத் துணை நிற்க வேண்டிய துணைச் செவிலியரின் இரண்டாண்டுப் பயிற்சி, 1970-களில் 18 மாதங்களாகக் குறைக்கப்பட்டது. பிரசவம் பார்ப்பதற்காகவே உருவாக்கப்பட்ட அவர், பல்நோக்குப் பணியாளர் ஆக்கப்பட்டு, குடும்பக் கட்டுப்பாட்டு இலக்கையும் தடுப்பூசிக் கணக்கையும் சுமக்கத் தொடங்கினார். கிராமத்தில் பிரசவம் பார்க்கும் அரசுக் கைகள் குறைந்தன. இவ்வாறு தாயியும் மேம்படவில்லை; அவருக்கு மாற்றாக வர வேண்டியவரும் வரவில்லை.

ஆயிரம் பேருக்கு ஒருவர், மீண்டும்

2005 ஏப்ரல் 12-ஆம் தேதி தேசிய ஊரக சுகாதார இயக்கம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் ஜனனி சுரக்ஷா திட்டமும் நடைமுறைக்கு வந்தது. பின்தங்கிய மாநிலங்களின் கிராமங்களில், மருத்துவ நிலையத்தில் குழந்தை பெறும் பெண்ணுக்கு 1,400 ரூபாயும், அழைத்து வரும் ஆஷா பணியாளருக்கு 600 ரூபாயும் வழங்கப்பட்டன.

ஆயிரம் பேருக்கு ஓர் ஆஷா என்பது விதி. தாயிக்கு 1977-இல் நிர்ணயிக்கப்பட்ட அதே அளவு. ஆனால், ஆஷாவுக்கு வயது 25 முதல் 45-க்குள் இருக்க வேண்டும். எட்டாம் வகுப்பு வரை படித்திருக்க வேண்டும் என்றும் அப்போது எதிர்பார்க்கப்பட்டது. அறுபது வயதைக் கடந்த, கையெழுத்துப் போடத் தெரியாத தாயியால் இந்த வாசலில் நுழைய முடியவில்லை. பிரசவம் பார்த்தால் கிடைத்துவந்த சொற்பத் தொகையும் நின்றது. சில மாநிலங்களில், வீட்டில் பிரசவம் பார்க்கக் கூடாது என்று தாயிகளுக்கு வாய்மொழி உத்தரவும் பிறப்பிக்கப்பட்டது.

மருத்துவமனைக்குக் கூட்டம் வந்தது. மருத்துவமனை அதற்குத் தயாராக இருந்ததா என்பது வேறு கேள்வி. பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழும் மத்தியப் பிரதேசத்தின் பட்வானி மாவட்டத்தில், 2010 ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான எட்டு மாதங்களில் மாவட்ட மருத்துவமனையில் 25 தாய்மார்கள் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் பழங்குடியினர். மக்கள் வீதிக்கு வந்து போராடினர். வீட்டுப் பிரசவத்தைக் கைவிடச் சொன்ன அரசு, அதற்கு ஈடான பாதுகாப்பை மருத்துவமனையில் தரவில்லை என்பதை அங்கு சென்ற மகளிர் சுகாதார ஆர்வலர்களின் ஆய்வு எடுத்துக்காட்டியது.

அதே ஆண்டு ஜனவரியில், உரிய சிகிச்சையும் பயிற்சி பெற்றவரின் துணையும் கிடைக்காமல் வீட்டில் குழந்தை பெற்று இறந்த ஏழைப் பெண் ஒருவரின் வழக்கு தில்லி உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. ஜூன் 4-ஆம் தேதி தீர்ப்பளித்த நீதிபதி எஸ். முரளிதர், பேறுகாலச் சிகிச்சை பெறும் உரிமை, அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு உறுதி செய்யும் வாழ்வுரிமையின் பகுதி என்று அறிவித்தார். அந்த உரிமை, மருத்துவமனை வாசலை எட்ட முடியாத பெண்ணுக்கும் பொருந்தும் என்பது குறிப்பிடத்தக்கது.

அறிவும் அறியாமையும்

தாயியின் கைவேலையில் இரண்டு பக்கங்கள் உண்டு. கொடியின் மீது சாணமோ சாம்பலோ தடவுவது, வயிற்றை அழுத்திக் குழந்தையைத் தள்ளுவது ஆகியவை உயிருக்கு உலை வைத்த பழக்கங்கள். அவற்றை எவரும் போற்றத் தேவையில்லை.

மறுபக்கத்தில், பெண்ணைக் கட்டாயப்படுத்திப் படுக்க வைக்காமல் நடக்கவும் குந்தவும் விடுவது, வலி வரும்போதெல்லாம் முதுகைத் தேய்த்து ஆறுதல் சொல்வது, நஞ்சு வெளிவரும் வரை கொடியை அறுக்காமல் காத்திருப்பது ஆகிய வழக்கங்கள் நெடுங்காலம் பிற்போக்கு என்று ஒதுக்கப்பட்டன. பெண் தனக்கு வசதியான நிலையில் குழந்தை பெறலாம். அவர் விரும்பும் துணை உடனிருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. கொடியை உடனே அறுக்காமல் குறைந்தது ஒரு நிமிடமாவது பொறுக்க வேண்டும் என்பதும் அதன் பரிந்துரை. கொடி விஷயத்தில் தாயியின் காத்திருப்பும் மருத்துவரின் ஒரு நிமிடமும் ஒன்றல்ல என்றாலும், அவசரம் கூடாது என்ற எண்ணம் இரண்டுக்கும் பொது.

இன்னொரு பக்கம், தனியார் மருத்துவமனைகளில் நிகழும் பிரசவங்களில் 47.4 சதவீதம் அறுவைச் சிகிச்சை மூலம் நிகழ்ந்ததாக 2019-21 ஆய்வு தெரிவித்தது. அரசு மருத்துவமனைகளில் இது 14.3 சதவீதம். இயல்பான பிரசவத்தைப் பொறுமையாகப் பார்க்கும் கைகள் தேவை என்பதை அரசும் உணர்ந்தது. 2018 டிசம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, அனுபவமுள்ள செவிலியர்களுக்கு 18 மாதப் பயிற்சி அளித்து மகப்பேறு செவிலிய வல்லுநர்களை உருவாக்கும் திட்டம் தொடங்கியது. நல்ல திட்டம்தான். ஆனால், பெரிய மருத்துவமனைகளின் பிரசவ அறையிலிருந்து தொடங்கும் அத்திட்டம், நாகாலாந்தின் மலைக் கிராமத்தை எட்டப் பல ஆண்டுகள் ஆகும்.

தீட்டு என்னும் சுவர்

தாயியின் நிலைக்குச் சாதியும் ஒரு காரணம். பிரசவத்தின் குருதியும் நஞ்சும் தீட்டு எனக் கருதப்பட்டதால், கொடி அறுப்பதும் அழுக்குத் துணி துவைப்பதும் வட இந்தியாவின் பல பகுதிகளில் தலித் பெண்களின் மீது சுமத்தப்பட்டன. உயிரைக் கையில் ஏந்தி வாங்கியவர், பிரசவம் முடிந்ததும் அந்த வீட்டின் திண்ணையில் கூட அமர முடியாதவராக இருந்தார். உத்தரப் பிரதேசத்தின் பிஜ்னோர் மாவட்டத்தில் 1980-களில் ஆய்வு நடத்திய பட்ரிசியா ஜெஃப்ரி குழுவினர், தாயி அங்கு மதிப்புமிக்க வைத்தியராக அல்ல, இழிவான வேலை செய்பவராகவே நடத்தப்பட்டார் என்பதைப் பதிவு செய்துள்ளனர். தம் மகளோ மருமகளோ இத்தொழிலுக்கு வர வேண்டாம் என்று பல தாயிகள் நினைப்பதில் வியப்பில்லை. இத்தொழிலைப் பழம்பெருமையாக மட்டும் பார்ப்பவர்கள் மறந்துவிடும் உண்மை இது.

முடியும் என்பதற்குச் சான்றுகள்

தாயியை முழுவதுமாக நம்புவதற்கும் முழுவதுமாக ஒதுக்குவதற்கும் இடையே ஒரு வழி உண்டு என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன.

மலேசியாவில், 'பீடான் கம்போங்' எனப்படும் கிராம மருத்துவச்சிகளை அரசு பகைத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்குப் பயிற்சி அளித்துப் பதிவு செய்து, அரசு மகப்பேறு செவிலியருடன் இணைந்து பணியாற்ற வைத்தது. பிரசவம் பார்க்கும் பொறுப்பு படிப்படியாகச் செவிலியரிடம் சென்றது. துணையிருத்தல், பேறுகாலத்துக்குப் பிந்தைய பராமரிப்பு ஆகியவை மருத்துவச்சியிடம் தங்கின. அங்கு பேறுகால இறப்பு பெருமளவு சரிந்த வரலாற்றை உலக வங்கி 2003-இல் வெளியிட்ட ஆய்வு விவரிக்கிறது.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மருத்துவர்கள் அபய் பங், ராணி பங் தம்பதியின் 'சர்ச்' அமைப்பு, கிராமத்துப் பெண்களைச் சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்து, தாயிகளையும் உடன் சேர்த்துக்கொண்டு வீட்டிலேயே பச்சிளம் குழந்தைகளைப் பராமரிக்கும் முறையை உருவாக்கியது. மூன்றாம் ஆண்டில் பச்சிளம் குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைந்ததாக 1999-இல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வு தெரிவித்தது. 2011-இல் இம்முறை ஆஷா பணியாளர்கள் வழியே தேசியத் திட்டமானது. திட்டத்தில் ஆஷா சேர்ந்தார், தாயி விடுபட்டார்.

அண்டை நாடான பாகிஸ்தானின் லர்கானா மாவட்டத்தில், மருத்துவச்சிகளுக்குப் பயிற்சியும் பிரசவப் பெட்டியும் அளித்து, அரசு சுகாதாரப் பணியாளர்களுடன் இணைத்தபோது, பிறப்பையொட்டிய சிசு மரணம் 30 சதவீதம் குறைந்ததாக 2005-இல் வெளியான ஆய்வு கூறியது. இம்மூன்று இடங்களிலும் பொதுவானது ஒன்றுதான். மருத்துவச்சி தனித்து விடப்படவில்லை.

செய்யக்கூடியது என்ன?

இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. பிரசவ அறையில் பெண்ணுக்குத் துணையாக ஒரு பெண் உடனிருக்கலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2016-இலேயே அனுமதி அளித்துவிட்டது. கர்ப்பிணிக்குப் பழக்கமான தாயியே அந்தத் துணையாக வரலாம். அதற்கு ஒரு நாள் கூலி வழங்கலாம். வீட்டை விட்டு மருத்துவமனைக்கு வரத் தயங்கும் பழங்குடிப் பெண்ணை அழைத்து வர, அவரது மொழி பேசும் தாயியைவிடச் சிறந்த தூதர் கிடைப்பது அரிது.

போக வழியே இல்லாத ஊர்களில் இன்னொரு ஏற்பாடு வேண்டும். கர்நாடகத்தின் பெல்காம் மாவட்டத்தில், துணைச் செவிலியர்கள் மிசோப்ரோஸ்டால் மாத்திரை கொடுத்தபோது, பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு 12 சதவீதத்திலிருந்து 6.4 சதவீதமாகக் குறைந்ததாக 2006-இல் ஆய்வு முடிவு வெளியானது. வீட்டுப் பிரசவத்துக்கு வாய்ப்புள்ள பகுதிகளில் இம்மாத்திரையை முன்கூட்டியே வழங்க 2013-இல் மத்திய அரசின் வழிகாட்டுதலும் வந்தது. மாத்திரையை எப்போது விழுங்க வேண்டும், எப்போது விழுங்கக் கூடாது என்பதைத் தாயிக்கும் கற்பித்தால்தான் அது உரிய நேரத்தில் பயன்படும். மாநில அரசுகள் வட்டார வாரியாக, எஞ்சியுள்ள தாயிகளைக் கணக்கெடுத்துப் பட்டியலிடுவது முதல் படி.

கால அவகாசம் அதிகமில்லை. 1977-இல் பயிற்சி பெற்றவர்களில் இன்று உயிரோடிருப்போர் முதுமையின் விளிம்பில் உள்ளனர். அவர்களுக்குப் பின் வருவோர் அரிது. எல்லாப் பெண்களும் பாதுகாப்பான மருத்துவமனையில் குழந்தை பெறும் நாள் வரும்போது தாயி விடைபெறுவதில் எவருக்கும் வருத்தம் இருக்காது. அந்த நாள் எல்லா மாநிலங்களுக்கும் இன்னும் வரவில்லை. ஆம்புலன்ஸ் வராத ஊரில் இன்றிரவு வலி காணும் பெண்ணுக்காக, பக்கத்து வீட்டுத் தாயியின் கையில் ஒரு புதிய பிளேடும் ஒரு மாத்திரையும் ஒரு தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும். அதைக் கொடுப்பதற்கு முதலில் அவர் பெயரை ஏட்டில் எழுத வேண்டும்.